எரியாத வினிகர்

என் வீட்டுக்காரரை எங்கள் பக்கத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாஷர் என்றுதான் கூப்பிடுவார்கள். குழாய் வேலை செய்கிறவர். எந்த வீட்டில் எது ஒழுகினாலும் போனிலேயே, "வாஷர்தாங்க போயிருக்கும், வேற ஒண்ணும் இருக்காது" என்பார். பாதி நேரம் அது சரியாகவும் இருந்து தொலைக்கும். மீதி நேரம் சுவரை உடைக்க வேண்டி வரும். உடைக்கும்போதும், "நான் அப்பவே நினைச்சேன்" என்பாரே தவிர, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று வாயைத் திறக்க மாட்டார். இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டி, ஒரு மகளை வளர்த்துக் கட்டியும் கொடுத்திருக்கிறேன். என் பொறுமைக்கு யாராவது மாலை போட வேண்டும்.

வேலையில் கெட்டிக்காரர், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்க்ரூடிரைவரின் முனையைச் சுவரில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, உள்ளே எங்கே கசிகிறது என்று கேட்டுச் சொல்லிவிடுவார். சின்ன வயதில் ஒரு கட்டிடத்தில் மண் சுமக்கப் போனவர், அங்கே குழாய் பதிக்கிற ஆட்களின் பின்னாலேயே திரிந்து, பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டார். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அதனாலோ என்னவோ, கண்ணால் பார்த்ததைத் தவிர வேறு எதையும் நம்பாத குணம் வந்துவிட்டது. நான் சொன்னால் சுத்தமாக நம்ப மாட்டார்.

சில வருஷங்களுக்கு முன் அவருக்குத் தாகம் தாகமாக எடுத்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதும் பாத்ரூமுக்கு ஓடுவதுமாக இருந்தார். ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வைத்தேன். சுகர் ஏகத்துக்கு இருக்கிறது, கொலஸ்ட்ராலும் இருக்கிறது, இனி தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார் டாக்டரம்மா. "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார் இவர். "நிறுத்தவே கூடாது" என்றார் அந்த அம்மா. வீடு வந்து சேரும் வரை புலம்பல்தான்.

"வாழ்நாள் பூரா போடணும்னா அது என்ன ரிப்பேர்? ரிப்பேர்னா ஒரு தடவை பண்ணா நிக்கணும். நான் ஒரு குழாயைச் சரி பண்ணிட்டு, தினமும் வந்து பாக்குறேன்னு சொன்னா என்னை உள்ள விடுவாங்களா?"

"நீங்க குழாய் இல்லைங்க, மனுஷன்" என்றேன். காதில் வாங்கினால்தானே.

இருந்தாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் நின்று பார்த்தால் போடுவார். எனக்கும் வேலை இருக்கிறது. கடைத்தெருவில், பழைய துணிகளை அளவு மாற்றித் தைக்கிற கடையில் எனக்கு ஒரு மெஷின் உண்டு. பேண்ட் இடுப்பைப் பிடிப்பது, கையைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன். இவர் வாயைப் பிடித்துத் திறந்து மாத்திரை போட நான் என்ன நர்ஸா?

அப்போதுதான் வினிகர் வந்தது. வினிகர் என்றால் அவருக்கு முதலிலிருந்தே தனி மரியாதை. எங்கள் பக்கத்துத் தண்ணீர் அப்படி. பக்கெட், குழாய், ஷவர் எல்லாவற்றிலும் வெள்ளையாக உப்புப் படிந்து கல்லாகிவிடும். ஷவரில் ஓட்டை அடைத்துக்கொண்டால் இவர் கழற்ற மாட்டார். ஒரு பிளாஸ்டிக் பையில் சாதாரண வினிகரை ஊற்றி, ஷவரின் தலை அதில் முங்குகிற மாதிரி மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு வந்துவிடுவார். மறுநாள் போய்ப் பையை எடுத்தால் உப்பெல்லாம் கரைந்து ஷவர் பளபளவென்று இருக்கும். வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவார்.

பெரிய குடியிருப்பு ஒன்றின் ஐந்தாம் மாடியில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு ஷவருக்குப் பை கட்டப் போனபோது அந்த டீச்சர் பேச்சோடு பேச்சாக, "இதுலயே ஆப்பிள்ல செஞ்சது இருக்கு தம்பி, நான் தினமும் குடிக்கிறேன், சுகருக்கு நல்லது" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்கு வரும்போதே கையில் பாட்டில்.

"இது என்னங்க, கலங்கிப் போய், அடியில ஏதோ மிதக்குது? கெட்டுப் போனதைத் தலையில கட்டிட்டாங்களா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அதுக்குப் பேரு மதர். அதுலதான் சத்தே இருக்கு."

"உங்க அம்மா இருந்த வரைக்கும் அவங்க சொன்ன ஒரு பேச்சைக் கேட்டதில்ல. இப்ப பாட்டில்ல வந்த அம்மாவை மட்டும் குடிப்பீங்களாக்கும்!"

குடித்தார். டீச்சர் சொன்னது ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன். இவர் அரை டம்ளர் வினிகரில் பேருக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டார். கேட்டால், "கல்லாப் படிஞ்சிருக்கிறதுக்கு ஒரு ஸ்பூன் போதுமா? நான் எத்தனை ஷவர் பாத்திருக்கேன்?" என்றார். ஒரே மடக்கு. முகம் சுருங்கி, கண்ணில் நீர் முட்டி, இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எரியுது பாரு, வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார், மூச்சு வந்த பிறகு.

அன்றிலிருந்து என் வீட்டில் ஊறுகாய்க் கம்பெனி வாசனை. காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன் ஒன்று, மாலையில் ஒன்று. போன வீட்டிலெல்லாம் பிரசாரம் வேறு. சிங்க்குக்கு அடியில் படுத்துக்கொண்டே, கொழுப்பு கரையும், சுகர் இறங்கும், வயிறு சுத்தமாகும், முடி கொட்டாது என்று அளந்து விடுவாராம். அந்த மண்டையில் முடியே இல்லை, அது எப்படிக் கொட்டும்! மகள் போன் பண்ணி, "அம்மா, அப்பாகிட்ட பேரனைப் பத்திப் பேசலாம்னு கூப்பிட்டா, வினிகரைப் பத்தியே பேசிட்டு வெச்சுட்டார்" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

எனக்கு வாய் அடைத்துப் போனதற்குக் காரணம், அவர் நிஜமாகவே இளைத்ததுதான். தொப்பை இறங்கியது. பேண்ட் நழுவியது. நானே என் மெஷினில் இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் மறுபடியும் பிடிக்க வேண்டியதாயிற்று. கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்றுகொண்டு, "பாத்தியா? இப்ப என்ன சொல்ற?" என்றார். என்னத்தைச் சொல்ல? கண்ணுக்கு எதிரே நிற்கிற இடுப்பை நான் எப்படி இல்லை என்பது? ஒருவேளை நமக்குத்தான் புத்தி இல்லையோ என்றுகூட நினைத்தேன்.

பிறகு ஒரு கட்டிடத்தின் அடித்தளத்தில் மோட்டார் அறை வேலை வந்தது. தண்ணீர் தேங்கி நின்றதால் புதிய ரப்பர் பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். அது சுண்டு விரலைக் கடித்துக் கொப்புளமாகி, உடைந்து புண்ணாகிவிட்டது. "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். "செருப்புக் கடிச்சதுக்கெல்லாம் டாக்டரா? வலியே இல்ல, விடு" என்றார். தினமும் சாக்ஸைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். கேட்டால் ஆறிக்கொண்டிருக்கிறது என்பார். காட்டச் சொன்னால், அவசரமாக ஒரு வீட்டில் வெள்ளமாக ஓடுகிறது என்று கிளம்பிவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையிலிருந்து வந்தேன். அரை நாள்தான் வேலை. கதவைத் திறந்ததும் வினிகர் வாடை மூக்கில் அடித்தது. மனுஷன் டிவி முன்னால் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரு காலை ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தார். அந்தக் காலில் பிளாஸ்டிக் பை. கணுக்காலில் ரப்பர் பேண்ட். பைக்குள்ளே கலங்கலாக வினிகர் தளும்பிக்கொண்டிருந்தது.

கைப்பையைக் கீழே போட்டுவிட்டுக் கிட்டே போனேன்.

"என்னங்க இது?"

"புண்ணு ஓரத்துல ஏதோ படிஞ்ச மாதிரி இருக்கு. கரையட்டும்னு கட்டியிருக்கேன்."

"உங்க கால் என்ன ஷவரா? மூளைன்னு ஒண்ணு இருக்கா இல்ல அதையும் வினிகர்ல கரைச்சுட்டீங்களா?"

"கத்தாத. பக்கத்து வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்! புண்ணுல வினிகரை ஊத்திட்டு உக்காந்து டிவி பாக்குற ஆளை எல்லாரும் வந்து பாக்கட்டும்!"

ஆத்திரத்தில் ரப்பர் பேண்டைப் பிடித்து இழுத்தேன். பை நழுவி, வினிகர் மொத்தமும் தரையில் கொட்டியது. அதற்கும் என்னைத்தான் திட்டினார், நல்ல வினிகர் வீணாகிவிட்டதாம். துணியை எடுத்துவந்து குனிந்து துடைத்தேன். அன்றைக்குக் காலையில் மெஷின் ஊசி என் ஆள்காட்டி விரலில் ஏறியிருந்தது. நகத்தின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னத் துளை. அதில் வினிகர் பட்டதும் உச்சந்தலை வரை சுரீர் என்று ஏறியது. "அம்மாடி!" என்று கத்திவிட்டேன்.

"என்னாச்சு?"

"எரியுதுங்க! ஊசி குத்தின இடத்துல பட்டுருச்சு. உயிரே போகுது."

"எரியுதா?" என்றார் ஆச்சரியமாக. "எனக்கு ஒண்ணுமே தெரியலையே. இவ்வளவு நேரமா ஊறுது, கொஞ்சங்கூட எரியல. எனக்கு ஒத்துக்கிச்சு போல."

"தொண்டையில எரிஞ்சா வேலை செய்யுதுங்கறீங்க, கால்ல எரியலன்னா ஒத்துக்கிச்சுங்கறீங்க..." என்று ஆரம்பித்தவள் பாதியிலேயே நிறுத்திவிட்டேன். விரலை வாயில் வைத்தபடி அவர் காலைப் பார்த்தேன். அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். தோல் ஊறி வெளுத்திருந்தது. சுண்டு விரலின் பக்கத்தில் ரத்தச் சிவப்பாக ஒரு குழி. விரலின் ஓரம் கறுத்திருந்தது. ஊசி குத்திய எனக்கே உயிர் போகிறது, இந்தக் குழிக்கு எப்படி எரியாமல் இருக்கும்? மெதுவாக அந்த விரலை இரண்டு விரலால் பிடித்து அழுத்தினேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப தொடுறது தெரியுதாங்க?"

"நீ இன்னும் தொடவே இல்லையே" என்றார்.

கிளம்புங்க என்று எழுப்பினேன். போன முறை கொடுத்த ஆஸ்பத்திரி அட்டை எங்கே என்றால் தெரியாதாம். அவருடைய வேலைப் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். ஸ்பானர், டேப் உருளை, பழைய பித்தளைக் குழாய்த் தலை, அவற்றோடு பிரிக்காத மாத்திரை அட்டைகள். எல்லாம் அவருடையவை. ஒரு மாத்திரை கூட எடுக்கப்படவில்லை.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"வினிகர்தான் நல்லா வேலை செய்யுதேன்னு..." என்று இழுத்தார்.

ஆட்டோவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசினால் வண்டியிலிருந்து தள்ளிவிட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

ரத்தத்தைப் பார்த்தார்கள், காலுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதே டாக்டரம்மாதான். முடிவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "மாத்திரை போடலையா?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். இளைத்ததைச் சொன்னேன். இடுப்பைப் பிடித்துத் தைத்ததைச் சொன்னேன்.

"அது வினிகரால வந்த இளைப்பு இல்லம்மா" என்றார். "சுகர் கட்டுக்கு மீறிப் போனா உடம்பு தானா உருகும். அந்தச் சுகர்தான் கால் நரம்பையும் கெடுத்திருக்கு. அதான் பூட்ஸ் கடிச்சதும் தெரியல, வினிகர் பட்டதும் தெரியல. சீழ் எலும்பு வரைக்கும் போயிருச்சு. விரலை எடுத்தாகணும்."

"எடுக்காம சுத்தம் பண்ண முடியாதா டாக்டர்?" என்றார் இவர்.

"மேல ஏறுச்சுன்னா பாதம் போயிரும். அது தங்கும்னு இப்பவே நான் உறுதி சொல்ல முடியாது."

பாதம் போய்விட்டால்? ஏணியில் ஏறுகிறவர், குழியில் இறங்குகிறவர், சிங்க்குக்கு அடியில் தவழ்கிறவர். வேறு எந்தத் தொழிலும் தெரியாது. வீட்டில் சும்மா உட்கார வைத்தால் ஒரே மாதத்தில் வீட்டுக் குழாயையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, அடுத்த மாதம் மனசு உடைந்து போய்ச் சேர்ந்துவிடுவார். அந்த நேரத்திலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "இந்த வினிகர் நல்லதா கெட்டதா டாக்டர்? ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறுற சுகரைக் கொஞ்சம் குறைக்கலாம்னு சில ஆராய்ச்சி இருக்கு. கொஞ்சம்தான். அதுவும் ஒரு ஸ்பூன், நிறையத் தண்ணியில கலந்து. அப்படியே குடிச்சா பல்லும் தொண்டையும் போகும். மாத்திரைக்குப் பதிலா கிடையவே கிடையாது. புண்ணுல ஊத்துறதை நினைச்சுக்கூடப் பாக்காதீங்க."

இவர் என் பக்கம் திரும்பி, மெதுவாக, "கொஞ்சம் நல்லதுன்னுதானே சொல்றாங்க?" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே, டாக்டர் முன்னாலேயே, பட்டென்று அடித்துக்கொண்டேன்.

விரலை எடுத்தார்கள். பாதம் தங்குமா என்று தெரிய இன்னும் சில நாள் ஆகும் என்று படுக்க வைத்துவிட்டார்கள். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் அழ, குழந்தை அழ, நான் இரண்டு பேரையும் அதட்டிவிட்டுப் போய் வராந்தாவில் அழுதேன்.

இரண்டாம் நாள் ஐந்தாம் மாடி டீச்சர் பழப் பையோடு வந்தார். அவருக்காகவே நான் ஒரு மூட்டை வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று எழுந்தேன்.

"நீங்க சொல்லித்தான் இவர் மாத்திரையை நிறுத்தினார்!"

"நிறுத்தினாரா?" அந்த அம்மா அதிர்ந்து போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கைப்பையைத் திறந்து, சின்ன மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டினார். "நானே ரெண்டு வேளையும் போடுறேனேம்மா. வினிகர் அதுக்கு மேல சும்மா ஒரு ஸ்பூன். மாத்திரையை விடச் சொல்லி நான் சொல்லவே இல்லையே தம்பி?"

"நீங்க சொல்லலைங்க டீச்சர்" என்றார் இவர் கட்டிலிலிருந்து. "நானாத்தான் நிறுத்தினேன்."

சேர்த்து வைத்த வார்த்தைகளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சர் கொண்டுவந்த பழத்தைக் கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது டீச்சர் கிளம்பியிருந்தார். இவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி படுத்திருந்தார். கண் ஓரம் நனைந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை.

"விரலை எடுத்திருக்காங்க" என்றார். "மயக்கம் தெளிஞ்சு எவ்வளவு நேரமாச்சு. எனக்கு வலிக்கணும்ல? எல்லாருக்கும் வலிக்கும்ல?"

திட்டுவதற்கு எவ்வளவோ இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பழத்தை நறுக்கிக் கொடுத்தேன். டாக்டர் சொன்ன அளவுக்குத்தான், அதற்கு மேல் ஒரு துண்டு கொடுக்கவில்லை.

பாதம் தங்கிவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தினமும் ரெண்டு பாதத்தையும் திருப்பிப் பாருங்க, விரல் இடுக்கு உள்பட. கல்லு குத்தினாலும் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. ஏதாவது சிவப்பாத் தெரிஞ்சா நடக்க விடாம உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். ஆக, மாத்திரைக்கு மட்டும் இல்லை, காலுக்கும் நான்தான் நர்ஸ்.

மாத்திரையை இப்போது ஒழுங்காகப் போடுகிறார். கால் ஆறிய பிறகு அகலமான மெத்துச் செருப்பு வாங்கிப் போட்டு, லேசான வேலைகளுக்குப் போக ஆரம்பித்தார். சாயங்காலம் வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுவார். நான் கீழே உட்கார்ந்து, விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்ப்பேன். பார்க்கும்போதே திட்டுவேன். ஈரத்தில் நின்றதற்குத் திட்டு, சாக்ஸ் மாற்றாததற்குத் திட்டு, பழைய கணக்குக்கும் சேர்த்துத் திட்டு. கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் கூடக் காலை இழுத்துக்கொண்டதில்லை.

போன வாரம் பெரிய வேலை ஒன்று வந்தது. புதுக் கட்டிடம் முழுவதும் குழாய் போடுகிற வேலை. ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் முறையாக முழு ஒப்பந்தமும் இவரை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் காலை ஆரம்பிக்க வேண்டும். சாமான்களை எடுத்து வைத்துவிட்டு, மகளுக்குப் போன் போட்டுப் பெருமையடித்துவிட்டு, சிரித்த முகத்தோடு வந்து காலை நீட்டினார்.

இடது குதிகாலில், ஓரமாக, சிவப்பாக ஒரு இடம் இருந்தது. தொட்டேன். சூடாக இருந்தது. இந்த நேரம் பார்த்தா வர வேண்டும் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விளக்கை இன்னும் கிட்டே இழுத்தேன்.

நான் திட்டாமல் இருப்பதைக் கவனித்துவிட்டார் போல. காலைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"என்ன?" என்றார். "வலிக்குதா?"

தன்னுடைய காலை என் கையில் கொடுத்துவிட்டு, என்னிடம் கேட்கிறார்.

"ஆமாங்க" என்றேன். "வலிக்குது."

"சரி. அப்ப நாளைக்கு வர மாட்டேன்னு சொல்லிடுறேன்" என்று போனை எடுத்தார்.